அந்தக் காசு எங்க கிடந்தது?

உரோமப் பேரரசின் காசு ஒன்றுக்கு என்ன விலை எண்டு இணையத்தில் தேடிப் பாருங்கோ. பச்சை பிடித்த செப்புக் காசு ஒன்று, சினிமாப் படம் பார்க்கப் போய்வரும் செலவுக்குள் கிடைக்கும். தங்கக் காசு எண்டால் காணி விலை. இரண்டு விற்பனைப் பக்கங்களிலும் மன்னரின் பெயர், எடை, விட்டம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது எண்ட விபரம் எல்லாம் இருக்கும். ஒரு விபரம் மட்டும் இருக்காது. அது எங்க கிடந்தது?

வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த ஒரு விபரம்தான் தேவை. மிச்சம் எல்லாவற்றையும் ஒரு நல்ல நாணய அட்டவணையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் எண்டதை விளக்க, அல்லைப்பிட்டியில் இருந்து தொடங்குகிறேன். அங்கே பெயர் பெற்றது உரோமக் காசு இல்லை, உடைந்த சீனக் கோப்பைகள். ஆனால் காசைப் பற்றி யோசிக்க அந்தக் கோப்பைகள்தான் நல்ல பாடம்.

உடைந்த கோப்பை சொன்ன கதை

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போனால், வேலணைத் தீவின் கிழக்கு முனையில் வருகிற ஊர் அல்லைப்பிட்டி. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் எண்ட ஆய்வாளர் இந்த ஊரின் மணலில் சீனப் பீங்கான் துண்டுகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார். 2018இல் சீனாவின் ஷங்ஹாய் அருங்காட்சியகமும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து அதே ஊரில் மறுபடி அகழ்ந்தன. இரண்டு தடவையும் கிடைத்த பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கி.பி. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சீனாவில் வட சொங் வம்சத்துக் காலம். அதிகமானவை தென்சீனாவின் குவாங்டோங் பக்கத்துச் சூளைகளில் சுட்ட பாத்திரங்கள்.

அந்தத் துண்டுகளைச் சந்தையில் வாங்க ஆள் இல்லை. விளிம்பு உடைந்த கோப்பையை யார் வாங்குவார்? அதனால்தான் அவை கிடந்த இடத்திலேயே கிடந்தன. அதனால்தான் எங்களுக்குக் கதை சொல்லவும் முடிந்தது. ஒரே இடத்தில், ஒரே காலத்துச் சரக்கு இவ்வளவு கிடக்குது எண்டால், அது ஒரு வீட்டுக் குசினியில் உடைந்த இரண்டு மூன்று கோப்பை இல்லை. கடல் வழியாக வந்த வணிகச் சரக்கு எண்டு விளங்கும்.

இதோடு பக்கத்துத் தீவுக்குப் போங்கோ. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெளியிட்டது. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட மன்னர், தீவகத்தில் தமிழில் ஆணை போடுகிறார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டு வருகிற கப்பல் உடைந்தால் சரக்கில் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவருக்கு. இந்தக் கல்வெட்டை வாசித்து 1963இல் கட்டுரையாக வெளியிட்டவர் பேராசிரியர் கா. இந்திரபாலா.

இப்ப இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ. கோப்பைத் துண்டுகள் ஏறத்தாழ 1100ஆம் ஆண்டுப் பக்கம். கல்வெட்டு அதுக்குப் பிறகு ஐம்பது, எழுபது வருசத்துக்குள். இரண்டு இடத்துக்கும் இடையில் சில மைல் கடல். வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து போகிற, உடைகிற, சண்டை வருகிற, சட்டம் தேவைப்படுகிற ஒரு கடல் எங்கட வாசலில் இருந்தது எண்டது புத்தகக் கற்பனை இல்லை எண்டு நிரூபணமாகிறது.

அல்லைப்பிட்டி எண்ட ஊர்ப்பெயர் அந்தத் துண்டுகளோடு ஒட்டி இருப்பதால்தான் இது எல்லாம் முடிகிறது. யாராவது நல்ல துண்டாகப் பொறுக்கிக்கொண்டு போய்க் கொழும்பில் வைத்திருந்தால், அது "சீனப் பீங்கான், பழையது" எண்டு அலுமாரியில் குந்திக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

உரோமக் காசுகளுக்கு நடந்தது இதுதான். காசு பளபளக்கும், கையில் அடங்கும், விலை போகும். அதனால் அது ஓடிவிடும்.

காசு என்ன சொல்லும்?

முதலில் காசுக்கும் நியாயம் செய்ய வேணும். உரோமக் காசு கனக்கப் பேசும். பேரரசின் தொடக்க காலக் காசில் மன்னரின் தலையைச் சுற்றி அவரது பட்டங்கள் இருக்கும். எத்தனையாவது தடவை மக்கள் தீர்ப்பாயர் அதிகாரம் பெற்றார், எத்தனையாவது தடவை கொன்சல் பதவி வகித்தார் எண்டு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தை வைத்து எந்த ஆண்டில் அடித்த காசு எண்டு சில வேளை வருசக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். செய்தித்தாள் இல்லாத காலத்தில் ஊர் ஊராகப் போன அரச விளம்பரம் அது.

நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசு வேறு மாதிரி. எங்கட ஒரு ரூபாய்க் குத்தியை விடச் சிறியது. சிலது ஒரு கிராம் அளவுதான். முன்பக்கம் முத்துப் பட்டி கட்டிய மன்னரின் தலை, சுற்றி "எங்கள் தலைவர்" எண்டு பொருள்படும் இலத்தீன் சுருக்க எழுத்துகள். பின்பக்கத்தைப் பார்த்தால் காலம் பிடிபடும். இரண்டு படைவீரர் நடுவில் ஒரு கொடியோடு நின்றால் 330களில் தொடங்கிய வகை. காலாள் ஒருவன் குதிரையில் இருந்து விழுகிறவனை ஈட்டியால் குத்தினால் 348க்குப் பிறகு. வெற்றித் தெய்வம் ஒரு கைதியை இழுத்துக்கொண்டு போனால் 383க்குப் பிறகு. மூன்று பேரரசர் ஒன்றாக நின்றால் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம்.

படத்துக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று எழுத்துகள். அதுதான் அச்சகச் சாலையின் அடையாளம்: அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, கொன்ஸ்தாந்திநோபிள் எண்டு. அதாவது காசு எங்கே பிறந்தது எண்டு காசே சொல்லும். எங்கே செத்தது எண்டு மண்தான் சொல்ல வேணும்.

நூலில் தங்கம், மண்ணில் செம்பு

இலங்கையையும் உரோமக் காசையும் பற்றிப் பேசுகிற எல்லாரும் இரண்டு கதைகளைச் சொல்வார்கள். இரண்டும் உண்மையிலேயே சுவையான கதைகள்.

முதல் கதை பிளினியின் இயற்கை வரலாற்றில் இருக்கு. கி.பி. 77இல் எழுதி முடித்த நூல். செங்கடல் பக்கத்து வரிகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸ் எண்டவரின் முன்னாள் அடிமை ஒருவர் அரேபியாவைச் சுற்றிப் போகையில் காற்றில் அடிபட்டு, பதினைந்தாவது நாள் இலங்கைத் துறைமுகம் ஒன்றில் ஒதுங்குகிறார். துறைமுகத்தின் பெயர் ஹிப்புரோஸ். மன்னர் ஆறு மாதம் விருந்தோம்புகிறார். அந்த ஆளிடம் இருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்து மன்னருக்கு ஒரு வியப்பு. காசுகளில் வெவ்வேறு தலைகள், ஆனால் எல்லாம் ஒரே எடை. அப்படி நேர்மையான சனத்தோடு உறவு வேணும் எண்டு பேரரசர் குளோடியஸிடம் நாலு தூதர்களை அனுப்புகிறார்.

பிளோகாமஸ் கற்பனை ஆள் இல்லை. அவரது அடிமை ஒருவர் எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாதையில் ஒரு குகைச் சுவரில் கி.பி. 6இல் பெயர் கீறிவிட்டுப் போயிருக்கிறார். வரி ஆளின் பெயரும் அதில் இருக்கு. ஆனால் மன்னர் காசைப் புகழ்ந்த பகுதியை வாசிக்கையில், எழுதுகிற ஆள் ஒரு உரோமர் எண்டதையும் மறக்கக்கூடாது. தூரத்து மன்னர் ஒருவர் எங்கட நாணயத்தின் நாணயத்தைப் புகழ்ந்தார் எண்டு சொல்வது யாருக்குத்தான் பிடிக்காது? அதே ஆண்டுகளில்தான் நீரோ மன்னர் கை வைத்தார். 64ஆம் ஆண்டளவில் ஒரு இறாத்தல் வெள்ளிக்கு 84 காசு அடித்த இடத்தில் 96 காசு அடிக்கத் தொடங்கினார்கள். "ஒரே எடை" எண்ட புகழ் நூலில் ஏறும்போது உண்மையில் அது முடிந்து போயிருந்தது.

இரண்டாவது கதை ஆறாம் நூற்றாண்டுக்குரியது. அலெக்சாந்திரியா வணிகராக இருந்து பிறகு துறவியான கொஸ்மாஸ் எழுதியது. சோபாத்ரோஸ் எண்ட உரோம வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை மன்னர் முன்னால் யாருடைய அரசர் பெரியவர் எண்டு வாதாடுகிறார்கள். சோபாத்ரோஸ், "இரண்டு பேரின் காசையும் வைத்துப் பாருங்கள்" எண்டு சொல்கிறார். ஒரு பக்கம் பளபளக்கும் உரோமத் தங்கக் காசு, மற்றப் பக்கம் பாரசீக வெள்ளிக் காசு. தங்கம் வெல்கிறது. இதையும் எழுதியது யார் பக்கத்து ஆள் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப மண்ணைப் பார்ப்போம். முதல் நூற்றாண்டின் வெள்ளியும் தங்கமும் உண்மையில் குவியல் குவியலாகக் கிடைப்பது அக்கரையில். கோயம்புத்தூருக்குப் பக்கத்து வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி எண்டு கொங்குப் பக்கம் வரிசையாகப் புதையல்கள். அதிகமானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசுகள். எடை குறைந்த நீரோ காலத்துக் காசை விடப் பழைய நல்ல காசைச் சனம் தெரிந்து வாங்கியிருக்குது. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சியில் 501 தங்கக் காசுகள் ஒரே பானையில் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் எண்டதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. தங்கத்தைச் சோதிக்க எண்டு சிலர், இனி இது காசாகச் செல்லாது, எடைக்குத்தான் பெறுமதி எண்டு காட்ட எண்டு வேறு சிலர். எப்படி இருந்தாலும் ஒன்று தெளிவு. உரோம மன்னரின் முகத்துக்கு முன்னால் இங்கே யாரும் மயங்கி நிற்கவில்லை. தேவைப்பட்டபோது உளியை வைத்தார்கள்.

இலங்கையில் முதல் நூற்றாண்டுத் தங்கமும் வெள்ளியும் மிக அரிது. இங்கே ஆயிரக்கணக்கில் வருவது நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள். கொன்ஸ்தாந்தியஸ், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் பெயர்களில், மேலே சொன்ன அந்தச் சின்னக் குத்திகள். 1924இல் வெளிவந்த கொட்றிங்டனின் இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலேயே இவற்றுக்குத் தனி இடம் இருக்கு. பாக்கு நீரிணைக்கு மற்றப் பக்கம், வைகை கடலில் சேருகிற அழகன்குளத்திலும் கரூர், மதுரை ஆற்றுப் படுகைகளிலும் இதே வகைச் செப்புக் காசுகள் வருகின்றன. அப்படி எண்டால் இது ஒரே கடலின் இரண்டு கரையிலும் புழங்கிய காசு.

அது யாருடைய காசு?

எனக்கு இந்த விசயத்தில் ஆகப் பிடித்த இடம் இதுதான். தங்கக் காசை வைத்திருந்தவர் மன்னரோ பெரிய வணிகரோ. ஒரு கிராம் செப்புக் காசை வைத்து யானையோ முத்தோ வாங்க முடியாது. அதால் வாங்கக்கூடியது ஒரு நாள் சாப்பாடு, ஒரு சட்டி, கொஞ்சம் மீன். ஐந்தாம் நூற்றாண்டில் சில்லறை இல்லாமல் தவித்த சந்தைகளுக்குள், உரோம உலகில் மதிப்புக் குறைந்து போன சில்லறை மூட்டையாக வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே பெறுமதி இல்லாதது இங்கே சந்தைக் காசானது.

இன்னும் ஒரு படி போனார்கள். வந்த காசு காணாமல் போனபோது, அல்லது தேவைக்குப் போதாதபோது, இங்கேயே அடிக்கத் தொடங்கினார்கள். மாத்தறைக்குப் பக்கத்து நாயிமனையில் கிடைத்த தொகுதியை வைத்து இந்த உள்ளூர்ப் போலிகளுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். தலை ஒன்று இருக்கும், ஆனால் யாருடைய தலை எண்டு தெரியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும். அடித்தவருக்கு இலத்தீன் தேவைப்படவில்லை. வாங்கியவருக்கும் தேவைப்படவில்லை. "இது காசு" எண்டு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் போதும்.

சேகரிப்பாளர் சந்தையில் இந்தப் போலிகளுக்கு விலை குறைவு. வரலாற்றுக்கு இவைதான் கூடப் பெறுமதி. உரோமக் காசு வந்தது எண்டதை விட, அதைப் பார்த்து நாங்களே எங்கட தேவைக்கு அடித்தோம் எண்டதுதான் இந்தத் தீவின் வரலாறு.

இந்த இடத்தில் எங்கட ஆட்களின் ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேணும். முகநூலில், யூரியூப்பில் "உரோமர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள்" எண்டு தலைப்புப் போட்டு, பின்னால் வீர இசையும் போட்டு ஒரு காசுப் படத்தைக் காட்டுவார்கள். காசு வந்தால் ஆள் வந்ததாக அர்த்தம் இல்லை. அல்லைப்பிட்டியில் சீனக் கோப்பை கிடந்ததால் அங்கே சீனர் குடியிருந்தார்கள் எண்டு யாரும் சொல்ல முடியாது அல்லவா? ஒரு செப்புக் காசு அலெக்சாந்திரியாவில் பிறந்து, செங்கடலில் ஒரு கை, மலையாளக் கரையில் ஒரு கை, மதுரையில் பத்துக் கை, மாந்தையில் இருபது கை எண்டு மாறி, கடைசியாக ஒரு தீவுக்காரரின் இடுப்பு முடிச்சுக்குள் வந்திருக்கலாம். அந்த இருபது முப்பது கைகளும் எங்கட சனத்தின் கைகள். உரோமர் வந்து எங்களைப் பார்த்தார் எண்டதில் என்ன பெருமை? நடுவில் நின்று வாங்கி விற்றவர்கள் எங்கட ஆட்கள் எண்டதை ஏன் ஒருத்தரும் தலைப்பாகப் போடுவதில்லை?

ஒரே காசு, மூன்று கதை

இடம் எவ்வளவு முக்கியம் எண்டதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். ஆர்க்கேடியஸ் மன்னரின் செப்புக் காசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கோ. அவர் இறந்தது 408இல்.

அந்தக் காசு கந்தரோடையில் ஒரு பழைய குடியிருப்பு மண்படையில், இலட்சுமி உருவம் பொறித்த நீள்சதுரத் தகடு ஒன்றுக்குப் பக்கத்தில் கிடக்குது எண்டு வையுங்கோ. அப்ப அது உள்ளூர்ப் பணத்தோடு சேர்ந்து புழங்கிய சில்லறை. அந்தத் தகட்டின் காலத்தைக் கணிக்கவும் அது உதவும்.

அதே காசு ஒரு பனங்காணிக்குள் சின்ன முட்டி ஒன்றில் இன்னும் இருநூறு காசுகளோடு கிடக்குது. அப்ப அது ஒரு குடும்பத்தின் சேமிப்பு. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை. ஏன் எண்ட கேள்வி வரும். வீட்டுக்குள் நகை புதைத்துவிட்டு ஓடின தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

அதே காசு அல்லைப்பிட்டி மணலில் சொங் காலக் கோப்பைத் துண்டுகளுக்கு நடுவில் கிடக்குது. அப்ப கதையே வேறு. தொலைந்தபோது அந்தக் காசுக்கு எழுநூறு வயது. எழுநூறு வருசமாக அது சில்லறையாகவே கை மாறியதா, தாயத்தாகக் கழுத்தில் கிடந்ததா, செம்புக்காக உருக்கப் போன பழைய இரும்புக் கடைச் சாமானா எண்டு கேட்க வேண்டி வரும்.

மூன்று இடத்திலும் காசு ஒன்றே. எடை, விட்டம், மன்னர், அச்சகச் சாலை எல்லாம் ஒன்றே. விலையும் ஒன்றே. வரலாறு மட்டும் மூன்று.

நாங்கள் தொலைத்தது

யாழ்ப்பாணத்துப் பழங்காசு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகையில் போல் ஈ. பீரிஸில் இருந்துதான் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்தவர். 1917இலும் 1919இலும் கந்தரோடை, வல்லிபுரம் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் அச்சுக்குத்திய வெள்ளிக் காசுகள், இலட்சுமித் தகடுகள், உரோமக் காசுகள் எல்லாம் வருகின்றன. அவர் எழுதி வைத்ததால், நூறு வருசத்துக்குப் பிறகும் "கந்தரோடை" எண்ட பெயரை அந்தக் காசுகளோடு சேர்த்துச் சொல்ல முடிகிறது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் குழு கந்தரோடையில் அகழ்ந்தது. பிறகு எங்கட பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆனைக்கோட்டை, பூநகரி எண்டு தொடர்ந்தார்கள். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஈழத்துத் தமிழரின் பழைய நாணயங்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இடையில் என்ன நடந்தது எண்டது எல்லாருக்கும் தெரியும். மாந்தையில் 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் போரால் நின்றது. அதன் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். ஏறத்தாழ முப்பது வருசம். 1981இல் நூலகம் எரிந்தது. 1990இல் தீவகத்துச் சனத்தில் பெரும்பகுதி வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டது. 2006இல் அல்லைப்பிட்டி மறுபடி வெறுமையானது. சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது, அலுமாரிக்குள் இருந்த பழங்காசு ரின்னைப் பற்றி யார் யோசிப்பார்? யோசித்திருக்கவும் கூடாது.

திரும்பி வந்த வீடுகளில் சில வேளை ரின் இருந்தது. காசும் இருந்தது. ஆனால் "இது கிணறு வெட்டேக்க வந்தது", "இது இன்னாரின் தோட்டத்தில உழேக்க வந்தது" எண்டு சொல்லக்கூடிய பெரியவர் இல்லை. போரில் நாங்கள் இழந்தவற்றின் பட்டியலில் இதை முதலாவதாக ஒருத்தரும் போடமாட்டார்கள். ஆனால் பட்டியலில் இதுவும் இருக்கு. பொருள் தப்பி, அதைப் பற்றிய ஒரு வசனம் தொலைந்துபோனது.

இப்ப தொலைப்பது போரால் இல்லை. தீவக மணல் லொறியில் ஏறுகிறது. ஸ்கானர் இயந்திரத்தோடு இரவில் புதையல் தேடுகிற கூட்டங்களைப் பற்றி நாட்டின் எல்லாப் பக்கத்திலும் இருந்து செய்தி வருகிறது. அவர்கள் தேடுவது தங்கம். தங்கத்துக்காக ஒரு குழி வெட்டினால், அந்தக் குழியில் இருந்த ஓடு, எலும்பு, சாம்பல், செப்புக் காசு எல்லாவற்றின் ஒழுங்கும் கலைந்துவிடும். கலைந்த மண்ணை யாராலும் திருப்பி அடுக்க முடியாது.

சேகரிக்கக் கூடாதா?

காசு சேர்க்கிறவர்கள் எல்லாம் கள்ளர் எண்டு நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கோ. கரூர் அமராவதி ஆற்று மணலை அரித்துக் காசு பொறுக்குகிறவர்களிடம் இருந்து போய்க்கொண்டிருந்த காசுகளை அவர் தேடினார், எந்த ஊர் எண்டு பதிந்தார், படத்தோடு நூலாக வெளியிட்டார். சங்ககாலப் பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசை 1980களில் வெளிக்கொண்டு வந்தவர் அவர்தான். கரூர், மதுரை, திருக்கோவிலூர்ப் பக்கத்து உரோமச் செப்புக் காசுகள் பற்றிய அவரது 1994ஆம் ஆண்டு நூல் இல்லாவிட்டால், இலங்கைக் காசுகளை ஒப்பிட எங்களுக்கு அக்கரையில் ஒரு அடிப்படை இருந்திருக்காது. அவர் மறைத்து வைத்திருந்தால் சேகரிப்பு. எழுதி வெளியிட்டதால் அது ஆராய்ச்சி.

ஆனால் அந்த வழிக்கும் ஒரு எல்லை இருக்கு. ஆற்று மணலில் அரித்து எடுத்த காசுக்கு ஊர் மட்டும்தான் உண்டு. எந்த மண்படை, பக்கத்தில் என்ன கிடந்தது எண்டது இல்லை. மேலே நான் சொன்ன மூன்று கதைகளையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. சந்தை கூடக்கூட அரிப்பும் கூடும் எண்டதும் உண்மை.

இலங்கையில் சட்டமும் வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம், அனுமதி இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம். மண்ணுக்குள் இருந்து வருகிற தொல்பொருள் அரசுக்கு உரியது. "அரசிட்டக் குடுத்தால் கொழும்புக்குப் போயிடும், பிறகு எங்கட பெயரே இருக்காது" எண்டு ஊரில் சொல்வது எனக்கும் தெரியும். அந்தப் பயம் காரணம் இல்லாமல் வந்ததும் இல்லை. வடக்கில் தொல்பொருள் எண்ட சொல்லே காணிப் பிரச்சினையாகக் கேட்கிற காலம் இது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து, காசை ரின்னுக்குள் ஒளிப்பது இல்லை. ஒளித்த காசால் எந்த உரிமையையும் நிறுவ முடியாது. இடமும் நாளும் படமும் உள்ள பதிவு ஒன்று எங்கட கையில் இருந்தால், காசு எந்த அலுமாரிக்குப் போனாலும் அது அல்லைப்பிட்டிக் காசு, நெடுந்தீவுக் காசு எண்ட உண்மையை யாராலும் அழிக்க முடியாது.

அதனால் வாசிக்கிற உங்களுக்குச் செய்யக்கூடியதாக நாலு விசயம்.

ஒன்று, கண்ட இடத்திலேயே படம் எடுங்கோ. பக்கத்தில் அடிமட்டம் வையுங்கோ, இல்லாவிட்டால் ஒரு ரூபாய்க் குத்தியையாவது வையுங்கோ. இரண்டு பக்கமும் எடுங்கோ. சுற்றிக் கிடக்கிற ஓட்டுத் துண்டுகளும் படத்தில் விழட்டும். தோண்டி மேலும் தேட வேண்டாம்.

இரண்டு, புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். செப்புக் குடம் மினுக்குகிற மாதிரி தேசிக்காய், புளி, சாம்பல் எண்டு போட்டுத் தேய்த்துக் காட்டுகிற வீடியோக்கள் நிறைய இருக்கு. ஆயிரத்தைந்நூறு வருசப் பச்சைப் படைக்குள்தான் எழுத்து பத்திரமாக இருக்கு. புளி அந்தப் படையையும் தின்னும், எழுத்தையும் தின்னும். மிஞ்சுவது ஒரு மினுங்குகிற செப்பு வட்டம்.

மூன்று, ஊர்ப்பெயரோடு காணியின் பெயரையும் எழுதுங்கோ. எங்கட காணிகளுக்கு எல்லாம் உறுதியில் ஒரு பெயர் இருக்கு. "யாழ்ப்பாணத்தில் கிடைத்தது" எண்ட குறிப்பால் ஒரு பயனும் இல்லை. பெயரையும் நாளையும் யார் கண்டது எண்டதையும் எழுதினால் அது ஆவணம்.

நாலு, பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கோ. இரண்டுக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்திருப்பது இன்னும் நல்லது. நாவலர் வீதியில் இருக்கிற அருங்காட்சியகத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. உங்கட ஊர்ப்பெயர் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கு, எதில் இல்லை எண்டு அங்கே தெரியும்.

காசு வைத்திருக்கிற ஒரு அம்மம்மாவோ பெரியப்பாவோ உங்கட வீட்டில் இருந்தால், அவரிடம் காசின் விலையைப் பற்றிக் கதைக்க வேண்டாம். அது எங்க கிடந்தது, யார் எடுத்தது, அப்ப பக்கத்தில் வேறு என்ன கிடந்தது எண்டு கேளுங்கோ. சொல்வதை அப்படியே ஒரு கொப்பித் தாளில் எழுதி, நாளையும் போட்டு, காசு இருக்கிற அதே ரின்னுக்குள் வையுங்கோ. மன்னரின் பெயரைப் பத்து வருசம் கழித்தும் கண்டுபிடிக்கலாம். அவர் சொல்லப்போகிற அந்தக் காணியின் பெயரை அவர் இருக்கும்வரைதான் கேட்கலாம்.